கல்யாணத்தின் வழியாக கிரீன் கார்டு: எஃப்-1, எச்-1பி-யில் இருப்பவர்களுக்கு முதல் படியிலிருந்து

இந்தியாவில் பிறந்து, எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு, நிரந்தரவாசியாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டு என்றாலே நீண்ட வரிசைதான் ஞாபகம் வரும். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு வருடத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பு இருப்பதால், கம்பெனி வழியாகப் போட்டவர்கள் பத்து வருடம் தாண்டியும் காத்திருக்கிறார்கள். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவருக்கு அந்த வரிசையே இல்லை. சட்டம் அவரை 'உடனடி உறவினர்' என்று வைத்திருக்கிறது, அந்தப் பிரிவுக்கு வருடாந்திர எண்ணிக்கை வரம்பு கிடையாது. நாட்டை விட்டுக் கிளம்பாமல், இருக்கிற ஊரிலிருந்தே தற்காலிக விசாவிலிருந்து நிரந்தரவாசியாக மாறிக்கொள்ளலாம். அட்ஜஸ்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட்டஸ், சுருக்கமாக ஏஓஎஸ், என்பது இதுதான்.

நான் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்க வந்து, ஓபிடி என்ற படிப்புக்குப் பிந்தைய வேலைப் பயிற்சியை முடித்து, எச்-1பி கிடைத்த இரண்டாம் வருடத்தில் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். எங்கள் விண்ணப்பத்தை நாங்களே போட்டோம், அதற்குப் பிறகு நண்பர்கள் நாலைந்து பேர் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. தங்க அனுமதித்த காலத்தைத் தாண்டியவர்கள், ஒருமுறையாவது கைதானவர்கள், முன்பு விசா விண்ணப்பத்தில் ஏதாவது தவறாகச் சொன்னவர்கள் ஆகியோர் இதைப் படித்துவிட்டுத் தாங்களே போடக்கூடாது, குடிவரவு வக்கீல் ஒருவரிடம் காசு கொடுத்து உட்கார்ந்து பேச வேண்டும்.

மற்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றே ஒன்றுதான். விண்ணப்பம் போட்டாயிற்று என்பதற்காகக் கையில் இருக்கிற விசா நிலையைக் கைவிடாதீர்கள். ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை நீங்கள் சட்டப்படி இங்கே தங்கலாம் என்பது உண்மை, ஆனால் அது தனி விசா நிலை ஆகாது. அது மறுக்கப்பட்டால் உங்களைத் தாங்குவதற்குக் கீழே எச்-1பி-யோ எஃப்-1-ஓ இருக்க வேண்டும். 2025 பிப்ரவரி 28 தேதியிட்ட யூஎஸ்சிஐஎஸ் (குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசுத் துறை) உத்தரவுப்படி, விண்ணப்பம் மறுக்கப்பட்டு வேறு நிலையும் இல்லாதவருக்குக் குடிவரவு நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் அனுப்புவதுதான் இப்போது வழக்கம். முன்பெல்லாம் "ஈஏடி (வேலை அனுமதி அட்டை) வந்துவிட்டது, எச்-1பி எதற்கு" என்று விட்டவர்கள் உண்டு. இன்றைக்கு அந்த யோசனையை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

போட முடியுமா என்று முதலில் பாருங்கள்

நீங்கள் விமான நிலையத்திலோ எல்லையிலோ அதிகாரியின் முன் நின்று, முறையாக அனுமதிக்கப்பட்டு உள்ளே வந்திருக்க வேண்டும். அதற்குச் சான்று ஐ-94 என்ற வருகைப் பதிவு. எல்லைப் பாதுகாப்புத் துறையான சிபிபி-யின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் வந்துவிடும். எச்-1பி-யை இங்கேயே நீட்டித்தவர்களுக்கு ஐ-797 ஒப்புதல் தாளின் அடியிலேயே புதிய ஐ-94 இருக்கும், தளத்தில் பழையதே காட்டும். இரண்டையும் எடுத்து வையுங்கள்.

மணந்தவர் குடிமகர் என்றால், இடையில் விசா காலம் தாண்டியதையும் அனுமதியில்லாமல் வேலை செய்ததையும் சட்டம் ஏஓஎஸ்-க்குத் தடையாக எடுத்துக்கொள்வதில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவரை மணந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் எஃப்2ஏ என்ற வரிசையில் நிற்க வேண்டும், தன் முறை வரும்வரை தன் விசாவைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் மணப்பவர் குடிமகர் இல்லை, ஆனால் இலங்கையிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர் என்று வையுங்கள். அப்போது உங்கள் கம்பெனி வழி விண்ணப்பத்தை இந்திய வரிசையிலிருந்து எடுத்து, உங்கள் துணை பிறந்த நாட்டின் கணக்கில் வைக்கச் சொல்லலாம். பாஸ்போர்ட் எந்த நாடு என்று பார்ப்பதில்லை, பிறந்த இடம்தான் கணக்கு. யாழ்ப்பாணத்தில் பிறந்து சென்னையில் வளர்ந்தவரை மணந்த ஒருவருக்கு இது தெரியாமலே மூன்று வருடம் போயிருந்தது. கேட்கவே மனது வலித்தது.

ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) செய்ய வந்த டாக்டர்கள் கவனிக்க வேண்டும். ஊருக்குப் போய் இரண்டு வருடம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உங்கள் மேல் இருந்தால், குடிமகரை மணந்தாலும் அது தானாகப் போகாது. முதலில் விலக்கு வாங்க வேண்டும். கான்ராட் 30 திட்டத்தில், டாக்டர்கள் போதாத பகுதியில் மூன்று வருடம் வேலை செய்ய ஒப்புக்கொண்டு விலக்கு வாங்குவதுதான் பலர் போகிற வழி. ஒரு மாநிலத்துக்கு வருடம் 30 இடம்.

சுற்றுலா விசாவில் வந்து, இங்கே தாலி கட்டி, அப்படியே இருந்துவிடலாம் என்று ஊரில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு மனதில் குடியேறும் எண்ணத்தோடு வருவது பொய் சொல்லி நுழைந்ததாகும், அந்தக் கறை வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். உள்ளே வந்த 90 நாளுக்குள் கல்யாணம் செய்து தங்கினால் அந்த எண்ணம் முன்பே இருந்ததாக வைத்துக்கொள்வது வெளியுறவுத் துறையின் விதி. யூஎஸ்சிஐஎஸ்-ஐ அது கட்டுப்படுத்தாது என்றாலும் அவர்களும் தேதியைப் பார்ப்பார்கள்.

கல்யாணமும் தாள்களும்

நம்மில் பலருக்கு இரண்டு கல்யாணம் நடக்கிறது. முதலில் இங்கே கவுன்டி அலுவலகத்தில் லைசென்ஸ் எடுத்து ஒரு கையெழுத்துக் கல்யாணம், ஆறு மாதம் கழித்து ஊரில் மண்டபத்தில் முகூர்த்தம். ஃபாரத்தில் எந்தத் தேதி போடுவது என்று குழம்பாதீர்கள். சட்டப்படி நீங்கள் எப்போது கணவன் மனைவி ஆனீர்களோ அந்தச் சான்றிதழில் உள்ள தேதிதான், எல்லா ஃபாரத்திலும் அதே தேதி. மண்டபக் கல்யாணத்தை மறைக்கவும் வேண்டாம், அது உங்கள் பக்கத்துக்கு மிக நல்ல ஆதாரம். இங்கே கோயிலில் செய்கிறீர்கள் என்றால், அந்தக் குருக்களுக்கு அந்த மாநிலத்தில் லைசென்ஸில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருக்கிறதா என்று முன்னாலேயே கேளுங்கள். ஊரில்தான் கல்யாணம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து வாங்கிய சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். கோயில் ரசீதும் அழைப்பிதழும் மட்டும் போதாது.

பிறப்புச் சான்றிதழில்தான் நான் மாட்டினேன். என்னுடையதில் அப்பா அம்மா பெயர், தேதி, 'பெண்' எல்லாம் இருந்தது, குழந்தையின் பெயர் என்ற இடம் மட்டும் காலி. பிறந்த உடனே பதிவு செய்துவிட்டு, பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஏராளமான பேருக்கு இப்படித்தான் இருக்கிறது. நான் கவனிக்காமல் அனுப்பினேன், நாலு மாதம் கழித்துக் கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்எஃப்இ வந்தது. அப்பா நகராட்சிக்கு நாலு தடவை நடந்து பெயரைச் சேர்த்து வாங்கி அனுப்பினார். ஆர்எஃப்இ-க்குப் பதில் அனுப்பும்போது கெடுவுக்குள், எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டும், பாதியை இப்போதும் மீதியை அப்புறமும் அனுப்ப முடியாது. அதனால் இன்றைக்கே உங்கள் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். சான்றிதழே இல்லையென்றால், பதிவு இல்லை என்ற சான்றை அந்த அலுவலகத்தில் வாங்கி, அதோடு பள்ளிச் சான்றிதழ், உங்கள் பிறப்பை நேரில் அறிந்த பெரியவர்கள் இருவரின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும்.

இன்ஷியல் பிரச்சினையும் நமக்கே உரியது. பிறப்புச் சான்றில் வெறும் பெயர், மார்க் ஷீட்டில் முன்னால் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, விசாவில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது) என்று வேறு. ஃபாரத்தில் 'பயன்படுத்திய வேறு பெயர்கள்' என்ற இடத்தில் இவை எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். நம் பெயர் முறையை விளக்கி நாலு வரியில் ஒரு கடிதம் வைத்தால் அதிகாரிக்கும் சுலபம்.

தமிழில் உள்ள எந்தத் தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், நோட்டரி தேவையில்லை. விண்ணப்பிக்கிற நீங்களே செய்யாமல் ஒரு நண்பரைச் செய்யச் சொல்லுங்கள். யாருக்காவது முன்பு ஒரு திருமணம் இருந்திருந்தால் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் கண்டிப்பாக வேண்டும்.

ஃபாரங்கள், பணம்

குடிமகர் போடுவது ஐ-130, அதோடு உங்களைப் பற்றிய ஐ-130ஏ. நீங்கள் போடுவது ஐ-485. அவர் உங்களைப் பார்த்துக்கொள்வேன் என்று தரும் உறுதி ஐ-864. வேலை அனுமதிக்கு ஐ-765, வெளிநாடு போய்வர அட்வான்ஸ் பரோல் என்ற அனுமதிக்கு ஐ-131. மருத்துவப் பரிசோதனை ஐ-693. இவை அத்தனையும் ஒரே பாக்கெட்டில் போகலாம்.

2024 ஏப்ரல் 1 முதல் உள்ள கட்டணப்படி ஐ-485-க்கு 1,440 டாலர், ஐ-130-க்குத் தாளில் 675, ஆன்லைனில் 625. ஐ-485-உடன் போடும் ஐ-765-க்கு 260, ஐ-131-க்கு 630. எல்லாம் தாளில் போட்டால் 3,005 டாலர். 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு செக், மணி ஆர்டர் வாங்குவதில்லை. கார்டு என்றால் ஜி-1450, வங்கிக் கணக்கு என்றால் ஜி-1650, ஒவ்வொரு ஃபாரத்துக்கும் தனித்தனியாக. கார்டில் போடுபவர்கள் வங்கிக்கு முன்பே சொல்லி வையுங்கள். திடீரென்று ஆயிரத்துச் சொச்சம் டாலர் போகிறதே என்று வங்கி தடுத்துவிட்டால் பாக்கெட் அப்படியே திரும்பி வரும். ஃபாரத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்புத் தேதி இருக்கும், அனுப்புகிற அன்று யூஎஸ்சிஐஎஸ் தளத்தில் உள்ள பதிப்போடு அது ஒத்துப்போக வேண்டும். முகவரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கட்டணமும் மாறக்கூடியது, இரண்டையும் அன்றைக்கே பாருங்கள். அனுப்புமுன் முழுப் பாக்கெட்டையும் ஸ்கேன் செய்து வையுங்கள், இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அதைத்தான் உட்கார்ந்து படிப்பீர்கள்.

ஐ-864-இல் குடிமகரின் வருமானம் வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025 கணக்கில், அலாஸ்கா, ஹவாய் தவிர மற்ற மாநிலங்களில் இரண்டு பேர் குடும்பத்துக்கு அது 26,437 டாலர், வருடா வருடம் மாறும். அவர் இன்னும் படித்துக்கொண்டிருந்து சம்பளம் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்து, உங்கள் வேலை கிரீன் கார்டுக்குப் பிறகும் தொடரும் என்றால் உங்கள் சம்பளத்தையே சேர்க்கலாம். இல்லையென்றால் மாமனாரோ நண்பரோ கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போடலாம். போடுகிறவருக்கு இதன் எடையைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நீங்கள் குடியுரிமை வாங்கும்வரை, அல்லது ஏறக்குறைய பத்து வருட வேலைக்குச் சமமான 40 காலாண்டு உங்கள் கணக்கில் சேரும்வரை அந்தப் பொறுப்பு அவர் மேல் இருக்கும். விவாகரத்து ஆனாலும் போகாது.

மருத்துவப் பரிசோதனையை யூஎஸ்சிஐஎஸ் அங்கீகரித்த சிவில் சர்ஜன்தான் செய்யலாம். 2024 டிசம்பர் 2 முதல் ஐ-693-ஐ ஐ-485-உடனேயே அனுப்ப வேண்டும், அப்புறம் தருகிறேன் என்று விட்டால் திருப்பி அனுப்பலாம். டாக்டர் ஒட்டித் தரும் கவரைப் பிரிக்காதீர்கள், உங்களுக்கு என்று ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். நமக்கு எல்லோருக்கும் குழந்தையில் பிசிஜி போட்டிருப்பதால் காசநோய்ச் சோதனையில் தவறாகக் காட்டுமோ என்று பயப்படுகிறார்கள். இப்போது செய்வது ஐஜிஆர்ஏ என்ற ரத்தப் பரிசோதனை, பிசிஜி அதைக் குழப்பாது. பாசிட்டிவ் வந்தாலும் அடுத்து மார்பு எக்ஸ்ரேதான், உறங்குநிலைத் தொற்று கிரீன் கார்டுக்குத் தடை இல்லை. சின்ன வயது தடுப்பூசி அட்டை கிடைக்கவில்லை என்றால், அம்மை போன்றவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் மறுபடி போட்டுக்கொள்வதுதான்.

காத்திருக்கும் காலம்

பாக்கெட் போய்ச் சேர்ந்தால் ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ரசீது வரும், பிறகு கைரேகைக்கு அழைப்பு. வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 ஃபாரத்தில் சொல்ல வேண்டும்.

பயணம்தான் நம்மவர்களைக் கவிழ்க்கிற இடம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் எஃப்-1-இல் இருந்தான். கவுன்டியில் பதிவு செய்து, விண்ணப்பமும் போட்டுவிட்டான். ஊரில் தை மாதம் மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, சொந்தமெல்லாம் டிக்கெட் எடுத்தாயிற்று. அட்வான்ஸ் பரோல் வரவில்லை. எஃப்-1-இல் இருப்பவர் அது கையில் இல்லாமல் விமானம் ஏறினால் ஐ-485-ஐக் கைவிட்டதாக அர்த்தம், கட்டிய பணமும் போய்விடும். அவன் போகவில்லை, கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது, பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள், ஆனாலும் அதுதான் சரியான முடிவு. ஊரில் முகூர்த்தம் வைத்திருப்பவர்கள் அதை முடித்துவிட்டுத் திரும்பி வந்து போடுவதைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். எஃப்-1-இல் திரும்பி நுழையும்போது குடியேறும் எண்ணம் இல்லை என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், அதையும் யோசிக்காமல் செய்யக்கூடாது.

எச்-1பி காரர்களுக்கும், கம்பெனிக்குள்ளேயே மாற்றலாகி வரும் எல்-1 காரர்களுக்கும் இதில் தனிச் சலுகை உண்டு. அந்த விசாக்கள் குடியேறும் எண்ணத்தோடு சேர்ந்தே இருக்கலாம் என்பதால், அதே நிலையில் போய் அதே நிலையில் திரும்பினால் ஐ-485-க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் உயிரோடு இருக்க வேண்டும். காலாவதியாகிவிட்டால் சென்னையில் ஸ்டாம்பிங்குக்கு நிற்க வேண்டும், 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி காரர்களின், எச்-4-இல் வரும் அவர்கள் குடும்பத்தாரின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கத் தொடங்கியபோது பலருடைய அப்பாயின்ட்மென்ட் மாதக்கணக்கில் தள்ளிப்போய், பெட்டியோடு ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். அதனால் எச்-1பி இருந்தாலும் 630 டாலர் கட்டி அட்வான்ஸ் பரோல் வாங்கி வைப்பது நல்லது என்பது என் கருத்து. இடையில் விசா காலம் 180 நாளுக்கு மேல் தாண்டி இருந்தவர்கள் வக்கீலைக் கேட்காமல் எந்தத் தாளை வைத்துக்கொண்டும் விமானம் ஏறக்கூடாது. வெளியே போன நொடியில் 3 வருட, 10 வருடத் தடைகள் விழக்கூடும்.

வேலை விஷயத்திலும் அதே கதை. ஈஏடி வந்தால் எங்கு வேண்டுமானாலும் வேலை செய்யலாம், ஆனால் அதைக் காட்டி வேலைக்குச் சேர்ந்த அன்றே எச்-1பி நிலை போய்விடுகிறது. புதுப்பிக்கும்போது முன்பு இருந்த தானியங்கி நீட்டிப்பு, 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்குக் கிடையாது. பழையது முடிந்து புதியது வராவிட்டால் அந்த நாளோடு வேலை நிற்கும். எச்-1பி-யில் தொடர்ந்து, ஈஏடி-யை அலமாரியில் வைத்திருங்கள். ஆட்குறைப்பு வந்தால் அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இன்டர்வியூ

இருவரும் சேர்ந்து போக வேண்டும், மூலத் தாள்கள் எல்லாவற்றோடும். இது நிஜக் கல்யாணம்தானா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், சேர்ந்து போட்ட வரி, மருத்துவக் காப்பீடு, 401கே என்ற ஓய்வூதியக் கணக்கில் நாமினி, இவைதான் எடை போடும். கணக்கைத் திறந்து நூறு டாலர் போட்டுவிட்டு அப்படியே வைத்திருந்தால் பிரயோஜனம் இல்லை, அதில் வாடகையும் மளிகையும் போய் வர வேண்டும். கல்யாண ஆல்பம் முழுவதையும் தூக்கிக்கொண்டு போகாமல், நிச்சயதார்த்தத்திலிருந்து இன்றைக்கு வரை இருபது முப்பது படம், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இருப்பது போல், பின்னால் தேதியும் இடமும் எழுதி எடுத்துப்போங்கள்.

வீட்டில் பார்த்துச் செய்த கல்யாணம் என்றால் அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் காதல் கதை தயாரிக்காதீர்கள். ஜாதகம் பார்த்தது, இரண்டு தடவை சந்தித்தது, வீடியோவில் பேசியது, மூன்று மாதத்தில் நிச்சயமானது, எல்லாவற்றையும் நடந்தபடியே சொல்லுங்கள். அதிகாரிகள் இதை நிறையவே பார்த்திருக்கிறார்கள். ஒருவர் ஒன்று சொல்லி மற்றவர் வேறு சொல்வதுதான் சந்தேகத்தைக் கொண்டுவருகிறது. ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்றே சொல்லலாம். சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து அதே கேள்விகளைக் கேட்பார்கள்.

காசுக்காக, தாளுக்காகச் செய்யும் கல்யாணத்தைப் பற்றி யாராவது உங்களிடம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். ஐந்து வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அதைவிட, ஒருமுறை போலிக் கல்யாணம் என்று முடிவானால் பிறகு நிஜமாகவே கல்யாணம் செய்தாலும், கம்பெனி போட்டாலும், எந்தக் குடியேற்ற மனுவும் உங்களுக்கு ஒப்புதல் ஆகாது.

தங்க அனுமதித்த காலம் தாண்டிய நிலையில் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் வக்கீலோடுதான் போக வேண்டும். 2025 கடைசியில் சான் டியேகோவில் அப்படி வந்த சிலரை இன்டர்வியூ நடந்த இடத்திலேயே கைது செய்தார்கள். நிலையை விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கார்டு வந்த பிறகு

ஒப்புதலான அன்று கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்காவிட்டால் சிஆர்6 என்று போட்டு இரண்டு வருட கார்டுதான் வரும். ஆகியிருந்தால் ஐஆர்6, பத்து வருடம். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, இந்த வகை மூன்றையும் கவர் பிரித்த உடனே பாருங்கள். 26 வயதுக்குள் இருக்கும் ஆண்கள் செலக்டிவ் சர்வீஸ் என்ற ராணுவச் சேவைப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும், பலர் இதை மறந்துவிட்டுக் குடியுரிமை விண்ணப்பத்தில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு வருட கார்டுக்காரர்கள், அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, அந்த இரண்டு வருட நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 போட வேண்டும், 750 டாலர். முன்னால் போட்டால் திரும்பி வரும், பின்னால் போட்டால் நிலையே போய்விடலாம். ரசீது வந்தால் கார்டு 48 மாதம் நீண்டதாகக் கணக்கு. அதற்குள் குடிமகரோடு சேர்ந்து வாழ்ந்தபடி கிரீன் கார்டில் மூன்று வருடம் முடியப்போகிறதென்றால், அதற்கும் 90 நாள் முன்பே குடியுரிமைக்குப் போடலாம். ஐ-751 இன்னும் நிலுவையில் இருந்தாலும் போடலாம். எங்கள் வீட்டில் இந்த இரண்டு தேதியையும் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி மாட்டி வைத்திருந்தோம். கூட்டுக் கணக்கின் ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், வரித் தாள் எல்லாவற்றையும் ஐ-751-க்கு மறுபடி கேட்பார்கள் என்பதால், கார்டு வந்த மாதத்திலிருந்தே ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டே வாருங்கள்.